பாகைமானியை வைக்குமுன் கோணத்தின் பெயரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப்புறப் பாடசாலைகளில் நீண்டகாலம் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில், கோணங்களை அளப்பதில் நம் பிள்ளைகள் படும் இடரைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

90 பாகையிலும் குறைந்தது கூர்ங்கோணம், சரியாக 90 பாகை செங்கோணம், 90 இற்கும் 180 இற்கும் இடைப்பட்டது விரிகோணம், 180 பாகை நேர்கோணம், அதற்கும் மேற்பட்டு 360 இலும் குறைந்தது பின்வளைகோணம் என்று பிள்ளைகள் தடங்கலின்றி ஒப்புவிக்கிறார்கள். ஆனால் அதே பிள்ளையிடம் பாகைமானியைக் கொடுத்து, பார்த்தவுடனேயே ஒடுக்கமாகத் தெரியும் 60 பாகைக் கோணம் ஒன்றை அளக்கச் சொன்னால், 120 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது.

பாகைமானியில் இரண்டு எண்வரிசைகள் உண்டு; ஒன்று வலப்பக்கத்துப் பூச்சியத்திலிருந்தும் மற்றையது இடப்பக்கத்துப் பூச்சியத்திலிருந்தும் ஏறுகின்றன. கோணத்தின் ஒரு புயம் எந்தப் பூச்சியத்தின்மேல் கிடக்கிறதோ அந்த வரிசையைத்தான் வாசிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பதோடு நின்றுவிடாமல், அளப்பதற்கு முன்னரே "இது கூர்ங்கோணமா, விரிகோணமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கூர்ங்கோணம் என்று வாயால் சொன்ன பிள்ளை 120 என்று எழுதக் கை கூசும். பெயர்கள் பரீட்சைக்கு மனனம் செய்வதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. வாசிப்பு பிழைத்தால் உடனே காட்டிக்கொடுப்பவையும் அவையே.

இன்னொரு பிழை கருவியை வைக்கும் விதத்தில் நேர்கிறது. பெரும்பாலான பிளாஸ்டிக் பாகைமானிகளில் பூச்சியக் கோடு அடிவிளிம்பில் இல்லை. விளிம்புக்குச் சற்று மேலே இருக்கிறது. விளிம்பையே புயத்தோடு ஒட்டிவைக்கும் பிள்ளைக்கு, மையக்குறி உச்சியை விட்டு விலகிவிடுவதால், விடையும் சில பாகைகள் தவறிவிடும். புயங்களை நீட்டி வரைந்தால் கோணமும் பெரிதாகிவிடும் என்று நம்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் அடிமட்டத்தை வைத்துப் புயங்களை நீட்டி, மறுபடியும் அளந்து காட்டினாலன்றி அந்த எண்ணம் மாறாது. பின்வளைகோணத்துக்கு எஞ்சிய கோணத்தை அளந்து 360 இலிருந்து கழித்தால் போதும்.

அளவைப் பற்றிய உணர்வும் நம்மிடையே குறைவாகவே உள்ளது. தேயிலை மலையின் எந்தச் சரிவையும் 45 பாகை என்று சொல்லிவிடுகிறோம். சாய்வை நூற்றுவீதத்தில், அதாவது கிடையாக 100 அடி செல்லும்போது எத்தனை அடி உயர்கிறது என்று சொல்லும்போது, 100 என்பதுதான் 45 பாகை; 60 வீதச் சரிவு ஏறத்தாழ 31 பாகையே ஆகும். புகையிரதம் மூச்சுவாங்க ஏறும் நமது மலையகப் பாதையில்கூட, 44 அடிக்கு ஓரடி என்ற ஏற்றம் ஒன்றேகால் பாகையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தெமோதரையில் பாதை முழுதாய் ஒரு சுற்றுச் சுற்றித் தன் அடியாலேயே செல்வதைப் பார்த்த பிள்ளைக்கு 360 பாகை என்றால் என்னவென்று விளக்குவதும் எளிது.

ஆகவே, தங்கள் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் அளவு குறிப்பிடாத சில கோணங்களை அச்சிட்டு, முதலில் பெயரையும் பின்னர் பாகையையும் எழுதும்படி கேட்டு, மறுவாரம் விடைகளை வெளியிடுமாறு வேண்டுகிறேன். பாகைமானி வாங்க இயலாத பிள்ளைகளும் பெயரை எழுதுவதில் பங்கேற்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ஹட்டன்.