பெயர்த்தகட்டைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் பழைய பங்களாக்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரச்சட்டம் கோர்க்கத் தெரிந்த தச்சர்கள் மலையில் இல்லாமல் போய்விட்டார்கள், அதனால்தான் மராமத்து என்று வந்தாலே மரத்தைக் கழற்றிவிட்டு இரும்பு வைக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. நான் கோத்தகிரியில் 31 வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். ஆட்கள் இருக்கிறோம். ஒரு மரத்தின் முனையில் வெட்டிய நாக்கு இறங்கி உட்கார இன்னொரு மரத்தில் துளை வேண்டும். அந்தத் துளை போட ஆகும் நேரத்துக்குக் கூலி கொடுக்கத்தான் வீட்டுக்காரர்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை.

நன்றாகக் காய்ந்த கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) நாலு இஞ்சு ஆழத்துக்கு ஒரு துளையை உளியும் கொட்டாப்புளியும் வைத்து எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு வராந்தாவுக்கு நாற்பது துளை வரும். அதனால்தான் போன வருடம் கோவையில் பழைய மெஷின் விற்கும் ஒரு கடையில் செயின் மார்டைசர் ஒன்று வாங்கினேன். மரம் அறுக்கும் செயின் சா மாதிரி இதிலும் சங்கிலிதான் ஓடும். ஆனால் மெஷினை உத்தரத்தின் மேலேயே கவ்வ வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், சங்கிலி செங்குத்தாக இறங்கி நீள்சதுரமாகத் துளை போட்டுவிடும். எனக்குக் கிடைத்தது ஜப்பானில் ஓடிய மெஷின். அங்கே வீடுகளை மரச்சட்டத்தில் கட்டுகிறார்கள். இப்போது சட்டங்களைத் தொழிற்சாலையிலேயே வெட்டி அனுப்பும் வழக்கம் வந்துவிட்டதால், பட்டறை மெஷின்கள் பழசாக விலைக்கு வருகின்றன.

"நம்ம கரண்ட்லயே ஓடும்ண்ணே" என்று கடைக்காரர் சொன்னார். நம்பி பிளக்கைச் சொருகினேன். மூன்று எண்ணுவதற்குள் மோட்டாரின் காற்றோட்டத் துளை வழியே நீலப்பொறி தெறித்தது, வார்னிஷ் கருகிய வாடை வந்தது. மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுற்றான ஆர்மேச்சர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பெயர்த்தகட்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தேன். 100 வோல்ட் என்று தெளிவாக இருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. ஆர்மேச்சரைத் திரும்பக் கட்டக் கொடுத்த பணத்தில் புதிதாக இரண்டு சங்கிலி வாங்கியிருக்கலாம்.

இப்போது 230ஐ 100 ஆக இறக்கும் 2 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன். மோட்டார் ஆயிரத்துச் சொச்சம் வாட்தான். ஆனாலும் கிளம்பும்போதும் மரம் இறுக்கும்போதும் அதிகமாக இழுக்கும், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. இன்னொன்றையும் தச்சர்கள் கவனிக்க வேண்டும். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். நீளம் வேண்டுமென்றால் 230 பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் மட்டும் ஓட்டவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிப் பட்டறைகளின் தரை எப்படி இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் சங்கிலி. என்னிடம் வந்தது சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த சங்கிலி. யாரோ பல்லின் பக்கவாட்டிலும் ராவியிருந்தார்கள். பக்கவாட்டைத் தொட்டால் துளையின் அகலமே குறைந்துவிடும். பல்லின் முன்குழியில் மட்டும், உருண்டைக் கல்லை வைத்து, எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவாகத் தீட்ட வேண்டும். சங்கிலியைச் சுற்றும் பல்சக்கரம் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த சக்கரம் புதுச் சங்கிலியையும் சீக்கிரம் தின்றுவிடும். சங்கிலி ஓடி ஓடிச் சூடானதும் நீளும். முதல் இரண்டு துளை முடிந்ததும் நிறுத்தி, இழுப்பைத் திரும்பச் சரிபார்ப்பது என் வழக்கம்.

உத்தரத்தில் வைப்பதற்கு முன் மூலைமட்டத்தை அடித்தட்டில் நிறுத்தி, சங்கிலி ஓடும் பட்டை இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என் முதல் துளை மேலே சரியாக இருந்து, அடியில் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்சு, சாய்ந்துவிட்டது. நாக்கை அடித்து இறக்கியபோது தூணே முறுக்கிக்கொண்டு நின்றது. நல்லவேளை, மரம் பிளக்காமல் தப்பியது.

அகலமும் ஒரு விஷயம். என் சங்கிலி வெட்டுவது 18 மில்லி. நாங்கள் நாக்கை முக்கால் இஞ்சுக்கு, அதாவது 19 மில்லிக்கு வெட்டிப் பழகியவர்கள். கழிவுக் கட்டையில் ஒரு துளை போட்டு வெர்னியரில் அளந்த பிறகே நாக்குக்குக் கோடு போட வேண்டும். துளையின் இரண்டு முனைகளையும் முதலில் இறக்கிவிட்டு நடுவில் நிற்கும் மரத்தைக் கடைசியாக எடுங்கள். பக்கத்திலேயே ஒட்டி ஒட்டி இறக்கினால், பட்டை மரமில்லாத பக்கமாக ஒதுங்கும். சங்கிலி மேலேறி வரும் பக்கம் சிம்பு பிய்க்காமல் இருக்க, அங்கே ஒரு கட்டை அழுத்தி நிற்கும். பழைய மெஷின்களில் பெரும்பாலும் அது தொலைந்துபோயிருக்கும். கடினமான மரத்துண்டில் நாமே செய்து போட்டுக்கொள்ளலாம்.

பழைய பங்களா மரமாக இருந்தால் காந்தத்தைத் தடவி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். மஃப்ளரையும் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். விடிகாலைக் குளிரில் கழுத்தில் சுற்றிக்கொண்டே வேலைக்கு நிற்பது நம் மலை வழக்கம். குனிந்து பார்க்கும்போது அதன் நுனி சங்கிலியில் மாட்டினால் கையை விடுவிக்கக்கூட நேரம் இருக்காது. என் உதவியாளரிடம் இந்த ஒன்றுக்காக மட்டும்தான் நான் கோபப்படுவேன்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு, அதே கற்பூர மரத்தில் ஒரு துளை மூன்று நிமிடத்தில் முடிகிறது. மூலைகளைச் செதுக்கி அடியைச் சமப்படுத்த மட்டும் உளி. குன்னூர்ப் பக்கம் ஒரு வராந்தாவை இரண்டு பேர் ஒன்பது நாளில் மரத்திலேயே கோர்த்து முடித்தோம். இரும்புக்கு வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த விலையைவிட எங்கள் கூலியும் மரமும் சேர்ந்து அதிகமாகவில்லை.

உதகை புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை. ஒரு கட்டடத்தில் இருந்த மரம் இன்னொரு கட்டடத்துக்கு மலையேறி வந்து, இன்றும் நிற்கிறது. மர ஆணி அடித்துக் கோர்த்த சட்டத்தை அப்படித்தான் கழற்றி, கெட்ட துண்டை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பப் பூட்ட முடியும். அதனால்தான் பங்களா வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், இரும்புக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் உள்ளூர்த் தச்சரிடம் ஒரு விலை கேளுங்கள்.

பழைய மெஷின் விற்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வோல்ட் எவ்வளவு என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டிவிடுங்கள். சங்கிலி மூடி இல்லாத மெஷினை, மூடி செய்து போடாமல் விற்காதீர்கள். மலையில் என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் இதை வாங்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்