பெயரை முன்பக்கம் எழுதச் சொன்னவருக்கு

வியாழன் இரவு தண்ணீரால் எங்கள் மண்டபத்துக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்லி யாரையும் நோகடிக்க விருப்பமில்லை. எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் ஞாயிறு சித்திர நிகழ்வு வேறிடத்தில் நடந்துவிட்டது, பிள்ளைகள் வந்தார்கள். அது போதும்.

கீழ்த்தளத்தைத் திறந்துவிட்ட தேவாலயத்தார், கதிரை சுமந்த தம்பிமார், ரோல்ஸும் தேத்தண்ணியுமாக வந்திறங்கிய அக்காமார், வாட்ஸ்அப்பில் இரவிரவாக இடம் தேடியவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இந்த மடல் முக்கியமாக, கனடாவின் வன்கூவர் தீவிலுள்ள நனைமோவிலிருந்து படகேறி வந்த அம்மாவுக்கு. அந்தத் தீவின் மேற்குக் கரைப் பூர்வகுடிகளான நூ-சா-நுல்த் மக்களைச் சேர்ந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளில் ஒன்றான அல்பேர்ணியில் சிறுமியாக இருந்தவர். அதை நடத்தியது ஐக்கிய திருச்சபை என்பதால், தேவாலயத்துக் கீழ்த்தளம் என்று அவரிடம் சொல்லவே எனக்குத் தயக்கம். "அங்கே தேத்தண்ணி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

1959 முதல் ரொபர்ட் அலர் என்ற ஓவியர் அந்தப் பாடசாலையில் சம்பளமில்லாமல் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தீட்டியவற்றை எறியாமல் வைத்திருந்தார். 2008இல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அவற்றை விக்டோரியா பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். 2013இல், போர்ட் அல்பேர்ணியில், வரைந்தவர்களின் கைக்கே பல படங்கள் போய்ச் சேர்ந்தன. இந்த அம்மாவின் படம் ஒன்றும் அதில் இல்லை. அவர் அந்த வகுப்புக்குப் போனதில்லை.

பிள்ளைகளுக்குக் காட்ட நாங்கள் அச்சிட்டு வைத்திருந்த படங்கள் மண்டபத்தில் நனைந்து போயிருந்தன. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தாளை நீட்டி, "வீட்டிலே உனக்குப் பிடிச்ச ஒன்றைக் கீறு" என்றார். ஒருத்தி அம்மம்மாவின் இடியப்ப உரலைக் கீறினாள். மா எப்படிக் குழைப்பது, துளை எத்தனை என்று அவர் விசாரித்த விசாரிப்பில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் பெயர் எழுதப் போனவளின் கையைப் பிடித்துத் தாளைத் திருப்பினார். "முன்னுக்கு எழுது, பெரிசா. எங்களை அங்கே இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்." பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய், எல்லாப் பிள்ளைகளும் பெயர் போட்டார்களா என்று பார்த்தார். கடைசியில் ஐஸ்கிரீம் டப்பாத் தண்ணீரில் தூரிகைகளைத் தானே கழுவி, மயிரை விரலால் கூராக்கி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். தடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை.

இடியப்ப உரல் படம் அவரோடு நனைமோவுக்குப் போய்விட்டது; கீறியவளே கொடுத்தாள். மற்றப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. இனி எங்கள் வகுப்பில் பெயரில்லாத படம் ஒன்றும் சுவரில் ஏறாது, ஒன்றும் குப்பைக்குப் போகாது. சனிக்கிழமை பெற்றோர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரவர் படத்தை அவரவர் கையிலேயே தருவேன்.