எந்தப் பிரபல உணவகம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்த ஒரு சின்னச் செய்தி பற்றி எழுதுகிறேன். “கிளிநொச்சி நகரிலுள்ள பிரபல உணவகம் ஒன்றின் உரிமையாளருக்கு நீதவான் தண்டம் விதித்தார்” என்று அது தொடங்குகிறது. சமையலறையில் கரப்பான் பூச்சி, குளிர்சாதனப் பெட்டிக்குள் பழுதான இறைச்சி, வேலையாட்களிடம் மருத்துவச் சான்றிதழ் இல்லை, எல்லாம் விபரமாக எழுதியிருக்கிறீர்கள். கடையின் பெயரை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

என் தம்பி ஏ9 வீதியோரம் ஆறு மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். அந்தச் செய்தி வந்த அன்று மத்தியானம், வழக்கமாகப் பார்சல் எடுக்கும் அலுவலகப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஒருவர் மட்டும் போன் எடுத்து, “அண்ணை, அது உங்கட கடையோ?” என்று கேட்டார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். கேட்காமலே அடுத்த கடைக்குப் போனவர்களுக்கு அவன் என்ன சொல்வது? அன்றைக்குச் சமைத்த சோற்றில் பாதி மாட்டுக்குப் போனது. பொது சுகாதார பரிசோதகர் அவனுடைய கடைக்கு வரும்போது நானும் இருந்திருக்கிறேன். தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்ப்பார், இறைச்சி வெட்டும் பலகையைத் திருப்பிப் பார்ப்பார், படிவத்தில் ஒவ்வொன்றாகக் குறிப்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதிய தாளை அன்றைக்கு ஒருவருக்கும் காட்ட முடியவில்லை. அது ஏதோ ஒரு கோப்புக்குள் கிடக்கிறது.

இந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் என் பேரன் ஒரு கடையில் மீன் ரோல்ஸ் சாப்பிட்டான். விடிவதற்குள் வாந்தியும் வயிற்றோட்டமுமாகி மூன்று நாள் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினார்கள். அடுத்த கட்டிலிலும் அதே கடையில் சாப்பிட்ட பிள்ளைதான். வீட்டுக்கு வந்தபிறகு, அந்தக் கடையைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று சுகாதாரப் பணிமனைக்குக் கேட்டுப் போனேன். “அது எங்கட உள் விஷயம் அம்மா” என்றார் அங்கிருந்தவர். சரி, சட்டப்படி கேட்போம் என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மகனைக் கொண்டு எழுதுவித்தேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பதில் அதைவிடப் பிந்தித்தான் வந்தது. கடைக்காரருடைய வர்த்தகத் தகவல், வெளியிட முடியாது என்று இரண்டு வரி. பொதுமக்களின் நலன் பெரிதாக இருந்தால் அப்படிப்பட்ட தகவலையும் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகளின் வயிற்றை விடப் பெரிய பொது நலன் என்ன இருக்கிறது, ஐயா?

எங்கள் ஊர்க் கிணறுகளுக்கும் இதே கதைதான். சிறுநீரக நோய் பற்றிய பேச்சு வந்தபோது போத்தல்களில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனார்கள். முடிவு இன்றுவரை எங்களுக்கு வரவில்லை. அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தோடு பிடிபடும் கூலித் தொழிலாளியின் வயதையும் ஊரையும் எழுதுகிறீர்கள். மணல் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரச் சாரதியின் படத்தைக்கூடப் போட்டீர்கள். அவர்கள் மீது அப்போது வழக்கே தொடங்கியிருக்கவில்லை. இங்கே 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டமும் கட்டியாகிவிட்டது என்று உங்கள் செய்தியே சொல்கிறது. திறந்த நீதிமன்றத்தில் எல்லோர் காதிலும் விழ வாசித்த பெயர் அது. உங்கள் நிருபருக்கும் தெரிந்திருக்கும். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாசிக்கிறேன், இடம்பெயர்ந்து இருந்த காலத்திலும் ஒரு பிரதியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றி வாசித்தோம். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: யாருக்காக அந்தப் பெயரை மறைத்தீர்கள்?

2018 இல் தங்கையிடம் ரொறன்ரோவுக்குப் போயிருந்தேன். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் கொத்து ரொட்டிக் கடை வாசலில் பச்சை நிறத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நகரசபையின் பரிசோதகர் ஒட்டிவிட்டுப் போவதாம். பச்சை என்றால் தேறிவிட்டது, மஞ்சள் என்றால் திருத்த வேண்டியது இருக்கிறது, சிவப்பு என்றால் மூடியாகிவிட்டது. 2001 இலிருந்து இப்படி நடக்கிறது. கடையின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்தத் திகதியில் வந்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்று இணையத்தில் வரும். தங்கை சாப்பிடப் போகுமுன் போனில் பார்த்துக் காட்டினாள். நியூயோர்க்கில் 2010 இலிருந்து கடை வாசலில் ஏ, பி, சி என்று எழுத்துப் போடுகிறார்கள். அங்கே மஞ்சள் தாள் விழுந்த தமிழ்க் கடைக்காரரும் குறையைத் திருத்திப் பச்சை வாங்கிக்கொண்டு வியாபாரம் செய்கிறார். கிளிநொச்சியில் மட்டும் பெயரைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடுமா? பெயரைச் சொல்லாததால் என் தம்பியின் வியாபாரம் கெட்டதே, அது யார் கணக்கில்?

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்கள், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவரும் தாய்மார், துணுக்காயிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் அலுவலாக வருகிறவர்கள் எல்லோரும் தெரியாத கடையில்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு விசாரித்துப் பார்க்க ஆள் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். நீதிமன்றம் தண்டம் விதித்த கடையின் பெயரையும் இடத்தையும் செய்தியில் போடுங்கள். திருத்திவிட்டார்கள் என்றால் அதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். மாதம் ஒரு தடவை, வன்னியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். தரமாட்டோம் என்றால், தரவில்லை என்று பணிமனையின் பெயரோடு எழுதுங்கள்.

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.