கச்சேரி கேட்டவன் சாட்சி சொல்ல முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன இசைக்குழுக்களுக்கு விக்கிப்பீடியாவில் இடம் கொடுத்தால் என்ன, அங்கே தாளா தீர்ந்துபோகிறது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பொழுதுபோக்காக அங்கே எழுதுபவன் நான். சில பக்கங்களை நீக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் நானும் உண்டு என்பதால் பதில் சொல்லத் தோன்றியது.

பெரியசாமித் தூரன் தலைமையில் அச்சில் வந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் 10 தொகுதிக்குள் உலகத்தையே அடக்க வேண்டியிருந்தது. இணையத்தில் அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் ஒரு வாசல் இருக்கிறது. 'குறிப்பிடத்தக்கமை' என்போம். குழுவுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர்கள், நம்பகமான ஏடுகளில், போகிற போக்கில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்க வேண்டும். நன்றாக வாசிப்பார்களா என்பது பேச்சே இல்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 'தி ஷாக்ஸ்' என்று அக்கா தங்கைகள் சேர்ந்த ஒரு குழு இருந்தது. அப்பா பிடிவாதமாகச் சேர்த்துவைத்த குழு. 1969-இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டில் கிட்டார் ஒரு பக்கம் போகும், டிரம்ஸ் இன்னொரு பக்கம் போகும். அப்போது சீந்துவார் இல்லை. 1980-இல் அந்தத் தட்டு மறுபடி வெளியானது, பத்திரிகைகள் எழுதின, 1999-இல் 'நியூயார்க்கர்' நீண்ட கட்டுரையே போட்டது. சுருதி சேராவிட்டாலும் சான்று சேர்ந்துவிட்டது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் குழுக்களுக்கென்றே தனி அளவுகோல்கள் உண்டு. தேசிய விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்தது, பெரிய நிறுவனத்தில் இரண்டு ஆல்பம் போட்டது என்று வரிசையாகப் போகும். அதில் ஒன்று: தனித்தனியே பெயர் வாங்கிய இரண்டு பேராவது குழுவில் இருந்திருக்க வேண்டும். ஏ.ஆர். ரகுமான் இளவயதில் கீபோர்டு வாசித்த 'ரூட்ஸ்' குழுவில் டிரம்ஸ் சிவமணியும் பாடகர் சுரேஷ் பீட்டர்ஸும் இருந்தார்கள். அன்றைக்குச் சென்னைக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? பின்னால் வந்த புகழ் முன்னால் இருந்த குழுவைத் தூக்கிவிடுகிறது. இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத விதி. இருந்தாலும் விதி.

சரி, எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். எண்பதுகளில் கோவில்பட்டி வட்டாரத்தில் கோயில் கொடைத் திருவிழா என்றால் ஒரு ஆர்க்கெஸ்ட்ராதான். பெயர் வேண்டாம். டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர், சுசீலா குரலுக்கு ஒரு அக்கா, நடுவில் மிமிக்ரி. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவும்வரை போகும். மண்ணில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டே கேட்டவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் டிரம்ஸ் வாசித்தவரின் மகன் அந்தக் குழுவுக்கு ஒரு பக்கம் தொடங்கினார். பார்த்ததும் மனசு குளிர்ந்தது. அப்புறம் சான்றுகளைப் பார்த்தேன். கச்சேரி நோட்டீஸ்கள் நாலு, ஒரு முகநூல் பக்கம், யூடியூபில் ஒரு கலங்கலான வீடியோ, நாளிதழில் 'இரவு இன்னிசைக் கச்சேரி நடைபெற்றது' என்ற ஒற்றை வரி. நோட்டீஸ் அவர்களே அடித்தது. ஒற்றை வரியில் குழுவின் பெயர்கூட இல்லை.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு வாரம் சும்மா இருந்தேன். அதற்குள் குழுவிலிருந்து பிரிந்துபோன கீபோர்டுக்காரர் வீட்டார் வந்து பக்கத்தைத் திருத்தினார்கள். தொடங்கிய ஆண்டு 1978 என்றிருந்தது 1981 ஆனது. நிறுவியவர் பெயரும் மாறியது. மறுநாள் டிரம்ஸ் வீட்டார் பழையபடி மாற்றினார்கள். யார் சொல்வது சரி? பெயருக்கே இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடிய சண்டை அது, ஊருக்கே தெரியும். எழுத்தில்தான் எங்கும் இல்லை. உரையாடல் பக்கத்தில் இரண்டு பேருமே என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். என் காதால் கேட்டதும் கண்ணால் பார்த்ததும் அங்கே செல்லாது. அதையும் எழுதி, நீக்கலாம் என்று என் கருத்தைப் போட்டேன். இந்த விவாதங்களில் தலையை எண்ணுவதில்லை, வாதத்தைத்தான் பார்ப்பார்கள். பக்கம் போய்விட்டது. டிரம்ஸ்காரர் மகன் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதில் உங்களையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். சினிமா இசையமைப்பாளர் தும்மினாலும் நம் பத்திரிகைகளில் செய்தி. ஊர் ஊராக அந்தப் பாட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த குழுக்களைப் பற்றி எத்தனை கட்டுரை வந்திருக்கும்? முன்பணம் எவ்வளவு வாங்கினார்கள், எந்த வேனில் போனார்கள், கேசட் கேட்டே எப்படி நோட்ஸ் எடுத்தார்கள், ஏன் உடைந்தார்கள்? அச்சில் இல்லாததை நாங்கள் கலைக்களஞ்சியத்தில் ஏற்ற முடியாது. முதலில் யாராவது விசாரித்து எழுத வேண்டும், அது எங்கள் வேலை இல்லை, உங்கள் வேலை.

டிரம்ஸ்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஞாபகம் நன்றாக இருக்கிறது. கீபோர்டுக்காரர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஒரு நிருபரை அனுப்புங்கள். இரண்டு வீட்டுக்கும் போகச் சொல்லுங்கள், ஒரு வீட்டோடு திரும்பிவிட வேண்டாம். புகழ்ந்து எழுத வேண்டும் என்றுகூட இல்லை. நீயே எழுதித் தாயேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த அக்கா பாடிய பாட்டெல்லாம் இன்னும் என் காதில் இருக்கிறது, நான் எழுதினால் நடுநிலையாக இருக்காது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவில்பட்டி