பாடச்சுமை இல்லாத படிப்பாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பிளஸ் 2 முடித்தவர்களுக்கு நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டியைப் படித்தேன். பொறியியலுக்கு ஒரு பக்கம், மருத்துவத்துக்கு ஒரு பக்கம், வணிகவியலுக்கு அரைப் பக்கம் கொடுத்த பிறகு, மிச்சம் கிடந்த மூலையில் எங்கள் துறைக்கும் ஒரு வாக்கியம் போட்டிருக்கிறீர்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாமாம். இதழியல், மக்கள் தொடர்பு என்று பாடச்சுமை இல்லாத படிப்புகளும் இருக்கின்றனவாம். ரொம்ப நன்றி. ஒரு பொறியியல் கல்லூரி தன் விளம்பரத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். சொன்னது ஒரு பத்திரிகை.

இந்தச் சுமையில்லாத பாடத்தைத்தான் நான் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். மே மாதம் சம்பளம் கிடையாது, அது வேறு கதை. வீடு கடலூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவதால் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சியே அந்தச் சாலையில்தான் நடக்கும். ரெட்டிச்சாவடி தாண்டி, தமிழக - புதுச்சேரி எல்லையில், முள்ளோடைக்குப் பக்கத்தில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் பதிவு செய்வது ரெட்டிச்சாவடி போலீஸா, கிருமாம்பாக்கம் போலீஸா? அடிபட்டவரைக் கொண்டுபோனது கடலூர் அரசு மருத்துவமனைக்கா, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கா? இறந்தவர் பெயரை யாரிடம் உறுதி செய்வது? நிவாரணம் அறிவிக்க வேண்டியது எந்த அரசு? இதையெல்லாம் போனிலேயே விசாரித்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் நூற்றைம்பது சொற்களில் எழுதித் தர வேண்டும். பிளஸ் 2-வில் முதலிடம் வாங்கிய பிள்ளைகள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் குறைந்த பையன் ஒருவன் நேராக டீக்கடைக்காரரைப் பிடித்துப் பாதி விவரத்தை வாங்கிவிட்டான், அதையும் பார்த்திருக்கிறேன். பாடத்தின் எடை எதில் இருக்கிறது என்று உங்கள் நிருபர்களையே கேட்டுப் பாருங்கள்.

புதுச்சேரி நிர்வாகச் செய்தி எழுதுவது இன்னும் சிக்கல். சட்டப்பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர், மத்திய அரசு நியமிப்பது 3 பேர். அந்த நியமனம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. முதல்வர் கோப்பு எங்கே நிற்கும், துணைநிலை ஆளுநர் எதில் தலையிடலாம், புதுச்சேரியின் பகுதிகளில் காரைக்கால் நம் பக்கம் இருக்க மாஹே கேரளத்துக்குள்ளும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் எப்படி வந்தன என்று தெரியாதவர் இங்கே ஒரு பட்ஜெட் செய்தி எழுத முடியாது. தங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் ஒரு சந்தேகம். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் சுதந்திர தின மலரில், புதுச்சேரியும் 1947 ஆகஸ்ட் 15-ல் விடுதலை பெற்றதாக ஒரு கட்டுரை வந்தது. அப்போது இங்கே பிரெஞ்சு ஆட்சி. கீழூரில் மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18-ல். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இவ்வளவையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பினேன். வெளியிடவில்லை. திருத்தமும் வரவில்லை. என் மாணவி இதே தவறைச் செய்தபோது நான் மதிப்பெண் குறைத்தேன். அவள் உங்கள் மலரைக் கொண்டுவந்து காட்டினாள். நான் என்ன பதில் சொல்ல?

சட்டப் பாடத்துக்கு வருவோம். அவதூறு என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 499 என்று உருப்போட்ட தலைமுறை நம்முடையது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 356. பத்திரிகைப் பதிவுக்கு 1867-ம் ஆண்டுச் சட்டம் போய், 2023-ம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பாடநூல்கள் இன்னும் பழைய எண்ணிலேயே நிற்கின்றன. புதியதை நாங்கள்தான் தேடிப் படித்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம், கைக்காசில். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவை மட்டும் தனியாக ஒரு நாள் நடத்துவேன். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமல்ல, முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரியும்படி எதையுமே ஊடகம் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. எப்படி எழுதக் கூடாது என்பதற்கு வகுப்பில் நான் காட்டும் கத்தரிப்பு எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன். தெருவின் பெயரும், அப்பா என்ன கடை வைத்திருக்கிறார் என்பதும் அதில் இருந்தன.

மக்கள் தொடர்பு என்றால் சிரித்த முகமும் சுத்தமான சட்டையும் போதும் என்று உங்கள் கட்டுரையாளர் நினைக்கிறார் போலும். 1906-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்கு அருகே ரயில் விபத்து நடந்தபோது, மூடி மறைத்துப் பழகிய ரயில்வே நிறுவனத்துக்கு ஐவி லீ என்பவர் வேறு வழி சொன்னார். நடந்ததை எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். நிறுவனங்கள் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் இன்றைய செய்திக் குறிப்புக்கு அதைத்தான் முன்னோடி என்கிறார்கள். ரசாயன ஆலைகள் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையை வைத்துக்கொண்டிருக்கும் கடலூர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. ஓர் ஆலையில் வாயு கசிந்தால் நிர்வாகத்தின் அறிக்கையை ஒரு குழு எழுத வேண்டும், அந்த அறிக்கையில் எது விடுபட்டிருக்கிறது என்று இன்னொரு குழு கேள்வி கேட்க வேண்டும். இரண்டாவது குழுவில் இடம் பிடிக்கத்தான் பிள்ளைகளுக்குள் போட்டி.

இந்த இடத்தில் தங்கள் பத்திரிகையால் எங்களுக்குக் கிடைத்த உதவியையும் சொல்லிவிட வேண்டும். தனியார் நிறுவனம் அனுப்பிய விழாக் குறிப்பு ஒன்றையும் அது உங்கள் பத்திரிகையில் அச்சான செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னேன். வகுப்பே தலையைச் சொறிந்தது. கடைசியில் ஒரு பையன் எழுந்து, 'மேடம், போட்டோவை மட்டும் சின்னதாக்கியிருக்காங்க' என்றான். 'சீரும் சிறப்புமாக', 'பொன்னாடை போர்த்தி', எழுத்துப்பிழை எல்லாம் அப்படியே.

தொழில்சார் எழுத்து என்று ஒரு தாள் உண்டு. அதை உங்கள் வழிகாட்டி குறிப்பிடவே இல்லை, அந்த அளவுக்கு நிம்மதி. தானே, ஃபெஞ்சல் என்று இரண்டு புயலையும் பார்த்த ஊர் இது. புயல் நேரத்தில் கடலூர் துறைமுகத்தில் 10-ம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும். 10 என்றால் கடும் புயல் அந்தத் துறைமுகத்தின் மேலாகவோ வெகு அருகிலோ கடக்கும் என்று பொருள். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எந்தச் செய்தியாவது இதை ஒரு வரியில் சொல்கிறதா? மூன்றாமாண்டில் இந்த அறிவிப்பைச் சோனாங்குப்பம், தேவனாம்பட்டினம் ஆகிய மீனவர் ஊர்களில் ஒலிபெருக்கியில் படிக்கும்படி மாற்றி எழுதச் சொல்வேன். படகை எங்கே கட்டுவது, யார் எப்போது எங்கே போவது, எதைக் கையில் எடுத்துக்கொள்வது. பத்து வரிதான். அந்தப் பத்து வரிக்கு ஒரு வாரம் ஆகும். இப்போதெல்லாம் செயலியே எழுதித் தந்துவிடுமே என்று ஒரு பெற்றோர் கேட்டார். அது எழுதித் தந்ததை வாங்கிப் படித்தேன்: எல்லா ஊருக்கும் பொருந்தியது, தேவனாம்பட்டினத்துக்கு மட்டும் பொருந்தவில்லை.

பயிற்சிக்கு வந்த எங்கள் பிள்ளைகளைப் பத்திரிகை அலுவலகங்கள் நடத்தும் விதத்தை எழுதினால் தங்கள் பக்கம் போதாது. பஸ் காசுகூடக் கிடையாது, போகட்டும். மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு இல்லாமல் கரை அரிக்கப்படுவதைப் பற்றி நாலு நாள் அலைந்து எழுதிய செய்தி அச்சில் வந்தது, 'நமது நிருபர்' என்று. அவள் அப்பா பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'உன் பேரு எங்கம்மா?' என்றாராம்.

டிசம்பர் 11 வந்தால் பாரதியின் முண்டாசுப் படத்தை முதல் பக்கத்தில் போடத் தவறாதவர்கள் நீங்கள். சுதேசமித்திரன் நாளிதழில் 1904-ல் துணை ஆசிரியராகச் சேர்ந்து, கட்டுக் கட்டாக வந்த ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கித்தான் அவர் இந்தத் தொழிலைக் கற்றார். 1908-ல் 'இந்தியா' பத்திரிகை புதுவைக்கு இடம் மாறியதும், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதை நுழையவிடாமல் தடுத்ததும், 1910-ல் அது நின்றதும் தங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். இந்த ஆண்டு போகும்போது உங்கள் வழிகாட்டியையும் எடுத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

அந்த வாக்கியத்துக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டாலும் வராது. என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் கடலூர், புதுச்சேரி அலுவலகங்களுக்குத் தினமும் வரும் செய்திக் குறிப்புகள், பிரசுரத்துக்குப் பிறகு எடைக்குத்தானே போகின்றன? தனிப்பட்ட விவரம் உள்ளவற்றை எடுத்துவிட்டு, மாதம் ஒரு கட்டு மட்டும் வகுப்புக்கு ஒதுக்கி வையுங்கள். இதைக் கேட்டுச் சென்ற பருவத்திலேயே கல்லூரி முத்திரையோடு கடிதம் கொடுத்திருக்கிறேன். வரவேற்பறையில் வாங்கிக்கொண்டார்கள். முடியும் அல்லது முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதும். தபால் செலவு வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இதழியல் கௌரவ விரிவுரையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

(பெயரை வெளியிட வேண்டாம். அடுத்த ஆண்டுப் பணி நீட்டிப்பு இன்னும் வரவில்லை.)