பில்லில் காய்கறி எங்கே, மீனா?

அன்புள்ள மகள் மீனாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளை, உன் அத்தை, பேரன் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ வாட்ஸப்பில் அனுப்பிய போன மாதத்துப் பில்களை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். போனில் பேசினால் பாதிப் பேச்சில் பேரன் வந்து பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

"இவ்வளவு செலவு பண்ணியும் நல்ல சாப்பாடு போடுறேனான்னு சந்தேகமா இருக்கும்மா" என்றாய். உன் சந்தேகம் நியாயமானது. பில்லில் ஆர்கானிக் பாசுமதி இருக்கிறது, மலைத்தேன் இருக்கிறது, சியா விதை, பாதாம் மாவு, மல்டிகிரெயின் பிஸ்கட் எல்லாம் இருக்கிறது. காய்கறியை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று கிலோ தேறவில்லை. நாலு பேர் சாப்பிடுகிற வீடு அது.

ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதிய உணவு வழிகாட்டி வெளியிட்டது. பெரியவர் ஒருவருக்கு நாளைக்குக் கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் என்று அதில் இருக்கிறது. நீங்கள் மூன்று பெரியவர்கள், பிள்ளைக்குப் பாதி என்று வைத்தாலும் நாளைக்கு 1.4 கிலோ காய், வாரத்துக்குக் கிட்டத்தட்ட பத்து கிலோ வேண்டும். மூன்று எங்கே, பத்து எங்கே? உன் வீட்டுச் சாப்பாட்டில் குறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

ஏன் மூன்று கிலோவில் நிற்கிறது என்பதும் பில்லிலேயே தெரிகிறது. அந்த ஆர்கானிக் கடையில் கத்தரிக்காய் விலை இங்கே நான் வாங்குகிற விலையில் இரண்டு மடங்குக்கு மேல். அந்த விலையைப் பார்த்ததும் யாருக்கும் கை சுருங்கத்தான் செய்யும். அரை கிலோ எடுக்கிற இடத்தில் கால் கிலோ எடுக்கிறாய். அதைச் சாம்பாரில் போட்டால் ஆளுக்கு இரண்டு துண்டு வரும். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வரவுக்குள், மருந்தடிக்காத கால் கிலோவா, நன்றாகக் கழுவிய சாதாரணக் காய் ஒரு கிலோவா என்று கேட்டால், நான் யோசிக்காமல் ஒரு கிலோ என்றுதான் சொல்வேன். ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவு, முட்டைகோஸில் மேல் இதழை எடுத்துப் போடு, காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து உப்புப் போட்ட வெந்நீரில் சற்று வைத்து எடு. அதற்கு மேல் பயப்பட வேண்டாம்.

சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்த காலம் முழுக்க எனக்கு இதே கணக்குத்தான். அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வந்துவிடும். காய்கறி மட்டும் நாங்கள் வெளியில் வாங்க வேண்டும், அதுவும் தலைக்கு இத்தனை பைசா என்று கட்டுப்பட்ட காசில். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நின்றுகொண்டு, இந்தக் காசுக்கு எந்தக் காய் அதிகம் வரும், எது பிள்ளைகள் தட்டில் ஒதுக்காமல் உள்ளே போகும் என்றுதான் மனது ஓடும். சுரைக்காயும் பூசணியும் முள்ளங்கியும் விலை மலிந்த மாதங்களில் அதுதான் சாம்பார். காலத்தில் விளைகிற காய் மலிவாகவும் இருக்கும், புதிதாகவும் இருக்கும். நீ என்ன மாதமானாலும் பீன்ஸ், கேரட், புரொக்கோலி என்று மூன்றையே சுற்றிச் சுற்றி வாங்குகிறாய். பீர்க்கங்காய், புடலங்காய், அவரை, கொத்தவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு ஒன்றுகூட உன் பில்லில் இல்லை. இவற்றை உன் அத்தையை விட நன்றாகச் சமைப்பவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களைக் கேட்டு வாங்கு, அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

சரி, எங்கே வாங்குவது என்று கேட்டாயே. கோவையில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிங்காநல்லூர் உழவர் சந்தை இருக்கிறது. நம் மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ஆம் தேதி கலைஞர் முதல் உழவர் சந்தையைத் திறந்தபோது எங்கள் தெருவில் பலரும் நம்பவில்லை, நாலு மாதத்தில் மூடிவிடுவார்கள் என்றார்கள். ஆட்சி மாறியபோது கொஞ்ச காலம் கேட்பாரற்றுக் கிடந்ததும் உண்மை. ஆனாலும் இன்றைக்கும் நான் அங்கேதான் வாங்குகிறேன். அன்றன்றைய விலையை வாசலில் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழே இருக்கும்படி வைப்பார்கள். தராசும் சந்தையிலேயே கொடுப்பது. விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு. பேரம் பேசத் தேவையில்லை, பேசவும் பேசாதே. விடியற்காலையில் எழுந்து மூட்டையோடு பஸ் ஏறி வந்தவர்களிடம் இரண்டு ரூபாய்க்கு நிற்பது எனக்குப் பிடிக்காது.

ஒரு அடையாளம் சொல்கிறேன், அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரே தட்டில் கேரட்டும் வெண்டையும் முருங்கையும் உருளையும் என்று பதினைந்து வகை அடுக்கி வைத்திருந்தால் அவர் பெரும்பாலும் வாங்கி விற்பவர். இரண்டு, மூன்று வகை மட்டும், அதுவும் ஒரே அளவாக இல்லாமல் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடந்தால் அது அவர் தோட்டத்துக் காய். அவரிடம் வாங்கு, வாராவாரம் அவரிடமே போ. நாலு வாரம் போனால் முகம் பழகிவிடும். அப்புறம் "இன்னைக்கு இது வேண்டாம்மா, முத்தல்" என்று அவரே சொல்வார். "மருந்து எப்பம்மா அடிச்சீங்க?" என்றுகூடக் கேட்கலாம், மறைக்காமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உன் ஆப்பில் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தருகிறானே அந்தப் பையனிடம் இதைக் கேட்க முடியாது. அவசரத்துக்குத் தக்காளி, தயிர் ஆப்பில் வாங்கிக்கொள், அதில் தப்பே இல்லை. கீரையும் காயும் மீனும் மட்டும் கண்ணால் பார்த்துக் கையால் எடுக்க வேண்டியவை.

கீரை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உனக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று பிரசவத்தின்போதே டாக்டர் சொன்னார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று வந்திருக்கிறது. வசதியான வீட்டுப் பெண்களும் அதில் உண்டு. ஆகவே வாரத்தில் நாலு நாளாவது கீரை இருக்கட்டும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று மாற்றிக்கொள். கூடவே எலுமிச்சை ரசமோ நெல்லிக்காயோ வைத்தால் இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற பழக்கத்தை விடு. அது சேர வேண்டிய இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

மீன் வாங்க உக்கடம் போகலாம். கடல் இல்லாத ஊர் என்று கவலை வேண்டாம், கேரளாவிலிருந்தும் ராமேஸ்வரம் பக்கமிருந்தும் அங்கே வருகிறது. செவுளைத் தூக்கிப் பார், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்வாங்காமல் பளபளக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே எழும்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் விலை ஏறும், ஐஸில் நாள்பட்டதும் கலந்து வரும், இரண்டு மடங்கு கவனமாகப் பார். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காதே. சாளையும் நெத்திலியும் விலை குறைவு, சத்தில் குறைவில்லை. நெத்திலியை முள்ளோடு தின்றால் பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும்.

இப்போது எண்ணெய். கூடுதல் காசு போட வேண்டும் என்றால் இதில் போடு. மரச்செக்கு என்று எழுதி ஒட்டிய பாட்டிலை எல்லாம் நம்பிவிடாதே, ஒரு கணக்குப் போட்டுப் பார். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஆட்ட இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பிண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்ப வரும், அதைக் கழித்துக்கொள். அன்றைக்குக் கடலைப் பருப்பு என்ன விலை என்று மளிகைக் கடையில் கேட்டால் போதும், பாட்டிலின் விலை அதற்கும் கீழே இருந்தால் உள்ளே வேறு எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணெதிரே ஆட்டிக் கொடுக்கிற செக்கு ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறார்களா என்று நின்று பார்த்து வாங்கி வா. நல்ல எண்ணெய் என்பதற்காக அதிகமாக ஊற்றிவிடாதே, எந்த எண்ணெயானாலும் நாளைக்கு ஆளுக்கு ஐந்தாறு டீஸ்பூனுக்குள் நிற்கட்டும்.

வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைத் தேடாதே. பெரும்பாலும் ஹைட்ராஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுக்க வைத்தது அது. கறுத்த பழுப்பாக இருப்பதை எடு.

ஆர்கானிக் என்று பாக்கெட்டில் போட்டு விற்றால் அரசின் ஆர்கானிக் சான்று முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார். சிறு விவசாயி தானே நேரில் விற்கும்போது அந்தச் சான்று கட்டாயமில்லை, ஆனால் கடைப் பாக்கெட்டுக்கு வேண்டும். நீ அனுப்பிய படங்களில் இரண்டு பாக்கெட்டில் அதைக் காணவில்லை, பச்சை நிறமும் இலைப் படமும்தான் இருந்தது. பிஸ்கட்டையும் அப்படியே திருப்பிப் படி. எது எடையில் அதிகமோ அதைத்தான் சட்டப்படி முதலில் எழுத வேண்டும். உன் மல்டிகிரெயின் பிஸ்கட்டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். கம்பும் கேழ்வரகும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேரனுக்குக் கலக்கிக் கொடுக்கிற சத்து பானமும் அந்த வகைதான். அதுபோன்ற பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024-இல் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. நிறுத்திவிடு. கேழ்வரகில் எடைக்கு எடை பாலைப்போல் மூன்று மடங்கு சுண்ணாம்புச்சத்து உண்டு, முளைகட்டி அரைத்தால் இன்னும் நன்றாகச் சேரும். கூழாகக் கொடு, அடையாகச் சுட்டுக் கொடு.

ரேஷன் அட்டையைச் சும்மா வைத்திருக்காதே. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு எந்தக் கடையில் கிடைக்கிறது? அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று உன் பக்கத்து வீட்டம்மா சொன்னார்களாமே. பள்ளிக்கூடத்திலும் இதே புகாரோடு பெற்றோர் வந்து நின்றார்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி அது. நூற்றுக்கு ஒன்று என்று சாதாரண அரிசியில் கலப்பார்கள். நிறம் சற்று மாறியிருக்கும், கழுவும்போது சில மணி மிதக்கும். பயந்து பொறுக்கி எறிந்தால் எறிவது சத்தைத்தான். இட்லிக்கு அதையே போடு, நானும் அதைத்தான் போடுகிறேன்.

பேரன் காயை ஒதுக்குகிறான் என்று வருத்தப்படாதே. சத்துணவுக் கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தேன், ஒரு காயை ஒருநாள் துப்பிய பிள்ளை பத்தாவது முறை அதே காயைக் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறது. திட்டாமல், கெஞ்சாமல் தட்டில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டே இரு. நீங்களும் அவன் கூட உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். நீ போனைப் பார்த்துக்கொண்டு ஊட்டினால் அவன் வாய்க்குள் என்ன போகிறது என்று அவனுக்கும் தெரியாது.

அடுத்த வாரம் அப்பா ஒரு கல்யாணத்துக்காகக் கோவை வருகிறார். முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவும், கீழமாசி வீதியில் வாங்கிய மல்லி, சீரகமும் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் அவரை சிங்காநல்லூர் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போ, பேரனையும் எழுப்பிக் கூட்டிப் போ. பெரிய கட்டைப்பை இரண்டு எடுத்துக்கொள். வாங்கி வந்ததைக் கிலோ கணக்கில் எனக்கு எழுதி அனுப்பு, பத்து வருகிறதா என்று பார்க்கிறேன். வாழைப்பூ ஆய்வதை உன் அத்தை ஒருவரிடமே விட்டுவிடாதே, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்து கொடு.

அன்புடன்,
அம்மா
மதுரை