நீல மெட்ராஸ் சட்டை

காலடிப்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் சாயப்பட்டறை வேலையெல்லாம் எப்படிப் போகிறது?

மகள் படித்துவிட்டு வைத்திருந்த ஒரு ஆங்கில நாவலை இரண்டே ராத்திரியில் முடித்தேன். எஸ். இ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’. 1967இல் வந்தது. எழுதும்போது அந்தப் பெண்ணுக்கே 16 வயதுதானாம். அமெரிக்காவில் ஒரே ஊருக்குள் பணக்கார வீட்டுப் பையன்களும் இல்லாத வீட்டுப் பையன்களும் அடித்துக்கொள்ளும் கதை. 14 வயது போனிபாயை ஆரம்பத்திலேயே வளைத்துப் பிடித்துக் கத்தியைக் காட்டுகிறார்கள். அதில் ஒருத்தன் போட்டிருந்த சட்டை அவன் கண்ணை விட்டுப் போகவே இல்லை. நீல மெட்ராஸ் சட்டை!

நம்ம மெட்ராஸ், சேகர். 1717இல் கவர்னராக வந்த காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த பேட்டைதானே நம்முடையது? நம் அப்பாக்கள் கைலியாகக் கட்டிய கட்டம்போட்ட துணிதான் அந்த மெட்ராஸ்; அங்கே அது வசதியானவன் அடையாளம். துவைக்கத் துவைக்கச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விற்றிருக்கிறார்கள். உங்க அம்மா புதுக் கைலியைத் தனியாக உப்புத் தண்ணியில் ஊறவைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு உன் பட்டறையில் அப்படிச் சாயம் போனால் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும்.

பணக்காரப் பையன் பாபின் விரலில் கனமான மோதிரங்கள். போனிபாயின் நண்பன் ஜானியின் முகத்துத் தழும்பு அவை கிழித்ததுதான். போனிபாயிடம் சொந்தமென்று இருப்பது எண்ணெய் தடவி வளர்த்த முடி ஒன்றுதான். ஜானி பாபைக் குத்திய பிறகு நண்பர்கள் இருவரும் ஒளிந்திருக்கும் இடத்தில், அடையாளம் தெரியாமலிருக்க, ஜானி போனிபாயின் முடியைக் கத்தியாலேயே அறுத்து, நிறத்தையும் வெளுத்துவிடுகிறான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பத்தாவது படிக்கும்போது பிரேயரில் எல்லார் முன்னாடியும் உன் நடு மண்டையில் கத்தரி வைத்தார்களே. வீட்டுக்குப் போகாமல் கடலோரக் கல்மேல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாய். ஒரு மாசத்தில் வளர்ந்துவிடும்டா என்றேன். நீ பதிலே பேசவில்லை. உன்னிடமிருந்து எதைப் பிடுங்கினார்கள் என்று இத்தனை வருஷம் கழித்து இந்த நாவலைப் படித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கு மன்னித்துவிடு.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. புத்தகம் உனக்காக இருக்கிறது. அப்பாவின் பச்சைக் கட்டக் கைலி ஒன்றும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அது என்ன சாயமென்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ரவி